நாராயண்கஞ்சுக்குப் போய் வந்தது

சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நூல் கோன்களைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றியதும் மில்லில் எல்லோரும் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த லாரி வங்கதேசத்தில் நாராயண்கஞ்ச் என்கிற ஊரில் ஒரு குடோன் வாசலில் போய் நிற்கிற வரைக்கும் அது என் தலைவலி. நம்ம திருப்பூர் மாதிரி பனியன் துணி பின்னுகிற ஊர் அது. நான் போனதில்லை. ஆனாலும் அங்கே எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்தப் பண்டிகைக்கு ஆள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பதெல்லாம் பீளமேட்டில் நான் குடியிருக்கும் தெருவைவிட நன்றாகத் தெரியும்.

அந்த ஊரில் ஒரு வியாபாரி வருஷக்கணக்காக எங்களிடம் நூல் வாங்குகிறார். அவரை நான் சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். பேச்சு இந்தியில். அவருடைய இந்தி டிவி பார்த்து வந்தது. என்னுடையது எல்லைச் சாவடி ஏஜென்ட்களோடு சண்டை போட்டு வந்தது. அதனால் எனக்கு இந்தியில் திட்டத்தான் சரளமாக வரும்.

ஒரு நாள் நூல் விவகாரத்தைப் பேசி முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. அவர் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். கோயமுத்தூரில் நல்ல ஆஸ்பத்திரி இருப்பதாகச் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டார். நான் முதலாளியிடம் சொன்னேன். "நம்மள நம்பி வாராங்க. லாட்ஜுல கீட்ஜுல தங்க உடாதீங்க. கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கட்டுமுங்க" என்றார். அப்போதெல்லாம் மருத்துவ விசா கேட்டால் கிடைத்தது. இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் இருந்த நாட்களில் அந்த அம்மா நர்ஸ்களைப் பார்த்துப் பார்த்து 'ஏனுங்க' போட்டுக் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். புருஷனையும் ஏனுங்க என்றே கூப்பிட, அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. என்னை அக்கா என்றாள். நான் அவளை அம்மணி என்றேன். தேறி வந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போய் அரிசிம்பருப்பு சாதம் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது எங்க ஊர்க் கிச்சுரி, இதை எப்போது எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று சண்டைக்கு வந்தாள். நெய்யை அவளே எடுத்து ஊற்றிக்கொண்டாள். டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தியபோது காது கேளாதவள் மாதிரி இருந்தாள்.

அவர்கள் ஊர் ஆற்றுச் சமவெளி. மலை என்றால் அவளுக்குப் படத்தில் பார்த்ததுதான். ஊருக்குத் திரும்புவதற்கு முன் மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போனோம். மலை ஏற டாக்டர் அனுமதிக்கவில்லை என்பதால் அடிவாரத்தில் ஒரு பாக்குத்தோப்புப் பக்கம் காரை நிறுத்தினோம். அன்றைக்கென்று நீலகிரி மொத்தமும் மேகத்துக்குள் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு முகத்தைக் காட்டவில்லையே என்று கோபித்துக்கொண்டாள். அடுத்த தடவை காட்டாமல் எங்கே போய்விடும் என்று சொல்லி காரில் ஏற்றினேன்.

செயற்கை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் எங்காவது கசியும். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் ஊரிலேயே பரிசோதனை செய்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார்கள். நான் மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் அறை வாசலில் காத்திருந்து, அவர் சொல்கிற அளவைத் திருப்பி அனுப்புவேன். வருஷத்துக்கொரு முறை நேரில் வந்து முழுப் பரிசோதனை. டாக்காவில் டாக்டர் இல்லாமலில்லை. நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் டாக்டரே சொல்வார். ஆனால் தன் நெஞ்சைத் திறந்து பார்த்த கை கோயமுத்தூரில் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அப்புறம் அங்கே ஆட்சி மாறியது. இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலில் விசா சுருங்கியது. பிறகு தரைவழியாக நூல் வரக்கூடாது என்று அந்தப் பக்கம், துணிமணி வரக்கூடாது என்று இந்தப் பக்கம். யார் சரி என்று எனக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நூலைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, கொழும்பு சுற்றி, சிட்டகாங்கில் இறக்கக் கற்றுக்கொண்டேன். நாளும் வேலையும் கூடின, ஆனால் நூல் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அப்படியொரு சுற்றுவழியும் கிடையாது. வருஷப் பரிசோதனைக்கு வரவேண்டிய நேரம் வந்தது, போனது.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் வாங்கியது, அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. அங்கே எடுத்த ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வால்வு முழுதாகத் திறக்கவில்லை, ரத்தம் கட்டியிருக்கலாம், மறுபடியும் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். "கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். யாரோ பக்கத்துத் தெருவில் இருப்பது மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கி அனுப்பினோம். அவர்கள் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். அதற்குப் பிறகு காத்திருந்தோம்.

பாங்காக் போய்விடலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். அவள் மாட்டேன் என்றாளாம். பாங்காக்கில் அக்கா இருக்கிறாளா என்று கேட்டாளாம். அவர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. அவளிடமே பேசி, போம்மா அம்மணி, எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போ என்று சொல்லிப் பார்த்தேன். "வருவேனுங்க அக்கா" என்று தமிழில் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் அந்தக் கூட்டம் நடந்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றியிருக்கும் நாடுகள் வர்த்தகம், சுகாதாரம், சமூக நலம் ஆகியவற்றில் கைகோத்துச் செயல்படுவது பற்றி. மில்லுக்கு ஓர் அழைப்பு வந்தது. முதலாளி என்னைப் போகச் சொன்னார். நான் ஆசையோடு போனேன் என்றே சொல்ல வேண்டும். விசா கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களாவது அங்கே இருப்பார்கள் என்று நினைத்தேன். அவளுடைய விண்ணப்ப எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மூன்று துறைக்கும் தனித்தனி ஹால். கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் வர்த்தகம் என்று போட்டிருந்ததால் என்னை வர்த்தக ஹாலில் உட்கார வைத்தார்கள். வங்கதேசத்திலிருந்து வரவேண்டியவர் நேரில் வர முடியாமல் திரையில் வந்தார். ஏன் நேரில் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் போல. நல்ல மனிதர். நாங்கள் தயார் என்றார். இங்கே இருந்தவர்களும் நாங்களும் தயார் என்றார்கள். எல்லோரும் தயாராகத்தான் இருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினேன். நூல் கப்பலில் போகிறது, அதை வாங்குகிறவர் மனைவிக்கு நெஞ்சில் ஆபரேஷன், அவர்களால் வர முடியவில்லை, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். குரல் நடுங்கியிருக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். நடத்துகிறவர் மரியாதையாகச் சொன்னார்: "முக்கியமான கேள்விங்க மேடம். ஆனா இது வர்த்தக அமர்வு. பக்கத்து ஹால்ல சுகாதாரம் நடக்குதுங்க."

பக்கத்து ஹாலுக்குப் போனேன். ஒரு நாட்டு டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டை இன்னொரு நாட்டில் ஏற்றுக்கொள்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் நான் மதிய இடைவேளைகளில் செய்துகொண்டிருந்தேன். நான் கேட்டதற்கு, விசா எங்கள் குழுவின் வரம்புக்குள் வராது, அது வெளியுறவு என்றார்கள். வெளியுறவுக்கு எந்த ஹால் என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். நான் நக்கலாகக் கேட்கவில்லை. வெளியுறவுக்கு ஹால் கிடையாது.

மூன்றாவது ஹாலில் சாப்பாட்டுக்குக் கலைந்துகொண்டிருந்தார்கள். வேறொரு நாட்டு அதிகாரி ஒரு பெண், என் வயதில் பாதிகூட இருக்காது, நின்று முழுவதும் கேட்டாள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டாள். அவளுடைய நாட்டுக்கும் இந்த விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. என்ன செய்வாளோ தெரியாது, ஆனால் அந்த ஓட்டலில் என் முகத்தைப் பார்த்துப் பேசியவள் அவள்தான். பிறகு நான்கு நாட்டுச் சாப்பாடும் வரிசையாக வைத்திருந்தார்கள். பசித்தது, சாப்பிட்டேன். கிளம்பும்போது எல்லா நாட்டுக் கொடியும் அச்சடித்த ஒரு சணல் பை கொடுத்தார்கள்.

கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு உள்ளே அப்படி ஆகியிருந்தது. சாதாரணமாக எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், அலுவலகத்தில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். அந்தக் கோபம் வரும் என்று காத்துக்கொண்டே வந்தேன். பீளமேட்டில் இறங்கும்வரை வரவில்லை. வீட்டிலிருந்து அம்மணியைக் கூப்பிட்டேன். கூட்டம் எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டாள். சாப்பாடு நன்றாக இருந்தது என்றேன். சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, போனை அவர் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் காத்திருக்க முடியாமல் டாக்காவிலேயே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்து வார்டில் சேர்த்திருந்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் ஒரு காலையில் இறந்துபோனாள்.

சார் ஒரு வரியில் செய்தி அனுப்பியிருந்தார். நான் அப்போது அவர்களுக்கே போகிற கன்டெய்னருக்கு ஆவணம் தயார் செய்துகொண்டிருந்தேன். படித்தேன். அழவில்லை. ஆவணத்தை முடித்தேன், பெட்டி எடையைச் சரிபார்த்தேன், துறைமுகத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சாயங்காலம் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். இங்கே வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். உண்மையாகத்தான் இருக்கும். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருக்கிறதே என்று என்மேல் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "துக்கம் கேக்கப் போகோணுமுங்க. டிக்கெட்டுப் போடுங்க. நானு, மேனேஜரு, நீங்க" என்றார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மொய்யை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்ளலாம். சாவுக்கு ஆள் போயே ஆக வேண்டும். போனில் துக்கம் கேட்டால் கேட்காததைவிட மோசம், தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

"விசா வேணுமுங்க" என்றேன்.

"நமக்குமா?"

"நமக்குந்தானுங்க."

அவர் அதுவரை விசா என்பது இங்கே வருகிறவர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைத்திருப்பார் போல. "எழவு கேக்கப் போறதுக்குக்கூடவா?" என்றார். வியாபாரத்துக்கு ஒரு விசா இருக்கிறது, வைத்தியத்துக்கு ஒன்று, சுற்றிப்பார்க்க ஒன்று. துக்கம் கேட்க என்று ஒன்று நான் பார்த்ததில்லை. எதில் போட்டாலும் இப்போது எப்போது வரும் என்று தெரியாது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து ஊருக்கு முன்னால் நிற்கிற மனிதர், போக வேண்டிய ஒரு வீட்டுக்குப் போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

வீடியோவில் பேசுவது என்று முடிவானது. நான் வேறு வழியில்லாமல்தான் சொன்னேன். ஆனால் குறித்த நாளில் முதலாளி பேன்ட் சட்டையில் வராமல் வேட்டி, தோளில் துண்டோடு வந்தார். தன் அறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளச் சொல்லி ஜமக்காளம் விரிக்க வைத்தார். "கீழயே உக்காந்துக்கலாமுங்க" என்றார். லேப்டாப்பை ஒரு முக்காலியில் வைத்தேன். டீ கொண்டுவந்த பெண்ணைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். "எழவூட்டுல இருக்கறோம்" என்றார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, வெளியே ஸ்பின்னிங் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

திரையில் சார் தெரிந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் உறவுக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே மழை. முதலாளி கும்பிட்டார். மேனேஜர் கும்பிட்டார். "இப்புடி ஆகிப்போச்சுங்களே" என்றார் முதலாளி. நான் அதை இந்தியில் சொன்னேன். எப்படி ஆயிற்று என்று கேட்டார். சார் முதல் நாளிலிருந்து சொன்னார். எல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவர் வாயால் சொல்லக் கேட்பதற்குத்தானே துக்கம் கேட்பது. நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். மலையைப் பார்க்கவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார். அதையும் தமிழில் சொன்னேன், என் குரல் மாறவில்லை.

அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் அவரும் சும்மா இருந்தார். மழைச் சத்தம் லேப்டாப் வழியாக அறைக்குள் வந்துகொண்டிருந்தது. பிறகு முதலாளி தரையில் கை ஊன்றி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். மேனேஜரும் எழுந்து அவர் பின்னால் போனார். நானும் எழுந்தேன். என் கை தானாகப் போய் லேப்டாப்பை மூடியது.

கீழே முதலாளி டிரைவரிடம் சொல்வது கேட்டது. "ஊட்டுக்கு உடுப்பா. தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இனி வேல." குளிக்கப் போகிறார். மேனேஜர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நானும் போய்க் குளிக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சார்தான்.

"லைன் கட்டாகிவிட்டது மேடம். முதலாளி ஏதோ சொல்ல வந்தார் போலிருந்தது. மறுபடியும் போடட்டுமா?"

"கட்டாகவில்லை சார். நாங்கள்தான் எழுந்து வந்துவிட்டோம்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு உறைத்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரின் முகத்துக்கு நேரே பாதியில் எழுந்து போயிருக்கிறோம். அவசர அவசரமாகச் சொன்னேன். தப்பாக நினைக்கக்கூடாது, எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். சாவு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னால் இன்னொரு தடவை இதற்காகவே வரவேண்டியதாகிவிடும் என்று பயம். அதனால் அங்கிருந்து மட்டும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். முதலாளி குளிப்பதற்கு வீட்டுக்குப் போயிருக்கிறார், துக்க வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்க வேண்டும், நானும் போகிறேன். தெரிந்த இந்தியையெல்லாம் கொட்டிச் சொல்லிப்போட்டேன்.

அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. இப்போது நிஜமாகவே லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அப்படியானால்," என்றார் மெதுவாக, "நீங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்களா, மேடம்?"

"வந்திருந்தோமுங்க சார்" என்றேன், இந்தி மறந்துபோய், அழுதுகொண்டே.